ரிவால்வருக்குத் தையல் விட்ட கதை

என் மாமனார் எனக்கு விட்டுப்போனது ஒரு ரிவால்வரும் ஐந்து தோட்டாக்களும். ரிவால்வரில் ஆறு தோட்டாக்களுக்கு இடம் உண்டு. ஆறாவது என்னவாயிற்று என்று அவர் உயிரோடு இருந்தபோது கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் போன பிறகு கேட்க ஆளில்லை. இருக்கிற ஐந்தையாவது காப்பாற்றுவோம் என்று காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன் பீரோவைத் திறந்து எண்ணுவேன். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றாமல் மறுபடி எண்ணுவேன். இடையில் வீட்டில் இருந்தவள் என் மனைவி ஒருத்திதான். தோட்டாவை எடுத்து அவள் ரசத்தில் தாளிக்கவா போகிறாள் என்று எனக்கே தோன்றும். தோன்றினாலும் எண்ணாமல் இருக்க முடியாது.

எண்ணுவது என் தொழில். அறுபதுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். இண்டர்மீடியட் வரை படித்திருந்ததால் கிடைத்த வேலை. நிட்டிங் மெஷின் ஊசி, நூல் கோன், பார்சல் பெட்டிக்கு ஆணி, வெளுப்புப் பட்டறைக்குப் போகும் சோடா மூட்டை, எல்லாம் நான் எண்ணிக் கொடுத்தால்தான் வெளியே போகும். தட்டில் வைக்கும் இட்லியையும் நான் எண்ணுவதாக மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். அது அபாண்டம். எண்ணுவதில்லை. பார்த்தாலே தெரிந்துவிடும்.

மாமனார் வெள்ளகோவில் பக்கத்தில் பருத்தி வியாபாரி. ஊர் ஊராகப் போய்ப் பருத்தி விற்று, பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டியில் திரும்புவார். அதற்காக வெள்ளைக்காரன் காலத்தில் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த ரிவால்வர் அது. அவருக்கு இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். மகளைத்தான் நான் கட்டினேன். படுக்கையில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால், ரிவால்வர் மாப்பிள்ளைக்கு என்று உறவுக்காரர்கள் முன்னிலையில் சொல்லிவிட்டார். ஏன் என்று ஒருவர் கேட்டார்.

"பெரியவன் கையில குடுத்தா சின்னவனச் சுட்டுப்போடுவான். சின்னவன் கையில குடுத்தா தன் கால்லயே சுட்டுக்குவான். மாப்பிள்ளைக்குக் கோவம் வந்தாலும் தோட்டாவ எண்ணிப் பாத்துட்டுத்தான் போடுவாரு. எண்ணி முடிக்கறதுக்குள்ள கோவம் ஆறிப்போயிருமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நானும் சிரித்தேன்.

நிலமும் கிணறும் பருத்திக் கிட்டங்கியும் மகன்களுக்குப் போயின. பெண்ணுக்குக் கல்யாணத்தில் போட்ட நகையோடு சரி. அந்தக் காலத்தில் அதை யாரும் குறையாகப் பேசமாட்டார்கள். என் மனைவியும் பேசவில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் பீரோவைக் காட்டி, "எங்கய்யன் எனக்குன்னு குடுத்தது உள்ள இருக்குதுங்க" என்பாள். அவர் கொடுத்தது எனக்கு. லைசென்ஸ் என் பேரில். அதை வாங்கத் தாலுக்கா ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் செருப்புத் தேய அலைந்தது நான். இருந்தாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அப்பன் சொத்தில் அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். நான் அதை மாட்டி வைக்கும் ஆணி.

பெரிய மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. காரியம் முடிந்த அன்று பந்தியிலேயே சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை நல்லபடியா வெச்சிருந்தா அவரூட்டுலயே இருக்கட்டும். துருப் புடிக்க உட்டாருன்னு தெரிஞ்சா நான் எடுத்துக்குவேன். என்ற பேருக்கு மாத்தறது எனக்கொண்ணும் பெரிய காரியமில்ல."

பந்தியில் யாரும் மறுக்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பத்து உறவுக்காரர்கள் கேட்கச் சொன்ன பேச்சுக்கு மேல் கோர்ட்டு கிடையாது.

மாமனார் வீட்டு ஆயுத பூஜையில் முதலில் ரிவால்வர், அதற்கப்புறம்தான் தராசு, படிக்கல், அரிவாள் எல்லாம். அவர் இறந்த வருஷம் பண்டிகை இல்லை. அடுத்த வருஷம், ரிவால்வர் இருக்கிற வீட்டில்தான் பூஜை என்று என் மனைவி அண்ணன்கள் இருவரையும் திருப்பூருக்கு அழைத்துவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு பெருமை. எனக்குப் பந்தியில் பெரிய மச்சான் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

இரும்புப் பகுதியில் குறையில்லை. மெஷின் எண்ணெய் போட்டுத் துடைத்ததும் பளபளத்தது. கைப்பிடிதான் கண்ணை உறுத்தியது. கெட்டி ரப்பர் மாதிரியான ஏதோ ஒன்றில் செய்த இரண்டு வில்லைகள். பக்கத்துக்கு ஒன்றாக வைத்து நடுவில் ஒரே ஒரு திருகாணி போட்டு முடுக்கியிருந்தது. ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய சாணி மெழுகின நிறத்தில் இருந்தது. கை வியர்வையும் அழுக்கும் ஏறியிருக்கிறது என்று முடிவு செய்தேன்.

அழுக்கு என்றால் திருப்பூரில் எங்களுக்குத் தெரிந்தது ஒரு வழிதான். மெஷினிலிருந்து பழுப்பாக இறங்கும் துணியைப் பெரிய அண்டாவில் சோடாத் தண்ணீரில் வேக வைத்து, வெளுப்புத் தொட்டியில் முக்கினால் மல்லிகைப்பூ மாதிரி வரும். அத்தனை துணியை வெள்ளையாக்குகிற அண்டா இந்த இரண்டு வில்லைகளைக் கறுப்பாக்காதா என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது அந்த நியாயம் எனக்கே விளங்கவில்லை. அன்று தெளிவாக விளங்கியது. வில்லைகளைக் கழற்றி, கழிவுத் துணியில் முடிந்து, கொதிக்கிற அண்டாவின் ஓரத்தில் கயிறு கட்டி இறக்கினேன்.

வெளியே எடுத்தபோது நிறம் அப்படியே இருந்தது. வடிவம்தான் மாறியிருந்தது. எண்ணெயில் போட்ட அப்பளம் போல இரண்டும் வளைந்து போயிருந்தன. வளைந்ததை நிமிர்த்தவும் எங்கள் தொழிலில் வழி உண்டு. தேய்ப்புப் பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினேன். ஒன்று மூன்றாகவும் மற்றது இரண்டாகவும் உடைந்தது. ஆக மொத்தம் தோட்டா ஐந்து, கைப்பிடியும் ஐந்து.

கைக்குட்டையில் வைத்து மனைவியிடம் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

"ஏனுங்க, பனியன வேக வெக்கற அண்டாவுலயா போட்டீங்க?"

"சித்த நேரந்தான் போட்டேன்."

"எங்கய்யன் கை படாத நாளில்லீங்க அது." கைக்குட்டையை மடித்து என் கையிலேயே வைத்தாள். "எங்கண்ணன் வாரப்ப முழுசா இருக்கோணும். அவ்வளவுதானுங்க."

அன்று தட்டில் ஓர் இட்லி குறைந்தது. கை தவறிக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

புதுக் கைப்பிடி வாங்க வேண்டுமென்றால் இது இன்ன ரிவால்வர் என்று தெரிய வேண்டும். லைசென்சில் ஆறு தோட்டா ரிவால்வர் என்றும் ஒரு நம்பரும் மட்டும் இருந்தன. குழாயின் மேல் கம்பெனி பெயர் பொறித்த இடம் வழுவழுவென்று இருந்தது. மாமனார் வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். மிஞ்சியது கைப்பிடி வில்லையில் பின்னிப் பிணைந்திருந்த இரண்டு ஆங்கில எழுத்துக்கள்தான். அவையும் இப்போது வேறு வேறு துண்டுகளில் இருந்தன.

கோயமுத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. ரிவால்வரை எடுத்துக்கொண்டு போக எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஆனால் பஸ்ஸில் கண்டக்டர் பையில் என்ன என்று கேட்டுவிட்டால் என்ன சொல்வது? துண்டுகளை மட்டும் டிபன் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். கடைக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"என்னுங்க இது, கருவாடா?"

"கைப்பிடிங்க."

"எதோட கைப்பிடி?"

"ரிவால்வருதுங்க."

"எந்த ரிவால்வர்?"

"அதத் தெரிஞ்சுக்கத்தானுங்க வந்தேன்."

"ரிவால்வர் எங்கீங்க?"

"ஊட்டுல, பீரோவுக்குள்ளீங்க."

"அப்ப நீங்க பீரோவத்தான் கேக்கோணும்."

சொன்னாரே தவிர, நல்ல மனிதர். பரண் மேலிருந்து ஒரு பழைய கேட்லாக்கை எடுத்துத் தூசி தட்டி, துண்டுகளை மேஜையில் சேர்த்து வைத்து எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்த்தார். கடைசியில் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். ஒரே மாதிரி மூன்று படங்கள். குழாயின் நீளம்தான் வித்தியாசம்.

"உங்களுது குழாய் எத்தன இஞ்ச்சுங்க?"

வீட்டில் உள்ள அத்தனையையும் எண்ணி வைத்திருந்தவன் அதை மட்டும் அளக்கவில்லை. கையை விரித்துக் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்லாக்கை மூடினார்.

"எதா இருந்தாலும் ஒண்ணுதானுங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாலயே இந்த மாடல நிறுத்திப்போட்டான். இப்ப வெளிநாட்டுல இருந்து சாமானும் வாரதில்ல. இதே மாதிரி வெச்சிருக்கறவங்க ஆராச்சும் கழட்டிக் குடுத்தா உண்டு. துப்பாக்கிய வெச்சிருக்கறவன் கைப்பிடிய மட்டும் விப்பானுங்களா?"

கேட்லாக்கிலிருந்த இங்கிலாந்து விலாசத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். இண்டர்மீடியட்டில் கற்ற ஆங்கிலம் முழுவதையும் இறக்கி ஒரு கடிதம் எழுதினேன். கம்பெனியின் புகழ், என் மாமனாரின் குணம், பருத்தி வியாபாரம், எல்லாம் அதில் இருந்தன. அண்டா மட்டும் இல்லை. மறந்தே போயிருந்த சமயத்தில் பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில். தங்கள் ரிவால்வர் இத்தனை காலம் கழித்தும் ஒரு நல்ல குடும்பத்தில் இருப்பது அறிந்து மகிழ்ச்சி. அதை இப்போது செய்வதில்லை. உதிரி பாகங்களும் கையிருப்பில் இல்லை. இப்போது புல் வெட்டும் மெஷின்கள் செய்கிறோம், அதற்கு எல்லாப் பாகங்களும் கிடைக்கும். கூடவே படம் போட்ட விளம்பரம் ஒன்று.

மனைவிக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த மெசினுக்குக் கைப்பிடி இருக்குதுங்களா?"

"இருக்குது."

"அதையாச்சும் கேட்டிருக்கலாமுங்க."

விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நவராத்திரிக்குக் கொலு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். மரத்தில் செய்துகொள்வது தவிர வழியில்லை. ரிவால்வரை ஆசாரியிடம் தூக்கிப் போக முடியாது. பட்டறைக்கு நாலு பேர் வந்து போவார்கள், ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். வரைபடம் போதும் என்று நினைத்தேன். கைப்பிடி கழன்ற எலும்புக்கூட்டைத் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். திருகாணி வரும் இடத்தில் ஒரு புள்ளி. எனக்கு வரைய வராது. கோடு கம்பளிப்பூச்சி போல் வந்திருந்தது. அதனால் எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து, அட்டையில் சுத்தமாக வெட்டித் தரச் சொன்னேன். பனியன் அளவுக்கெல்லாம் அவர்தான் அட்டை வெட்டுவார்.

அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதென்னுங்க, கொழந்த பனியனுக்குத் தோள்பட்டையா?"

துப்பாக்கி என்ற சொல்லைக் கம்பெனிக்குள் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அது மாதிரித்தான் ஒண்ணுங்க" என்றேன்.

"ஜோடியா வேணுங்களா?"

"ஆமாங்க, ஜோடியா."

மத்தியானம் இரண்டு அட்டைகள் கொடுத்தார். அச்சில் வார்த்தது போல் இருந்தன. அளந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் வெட்டிய அட்டையில் தப்பு வராது என்பது கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் தேய்ப்புப் பெட்டிகளுக்கு மரப்பிடி போட்டுக் கொடுக்கும் ஆசாரியிடம் அட்டைகளைக் கொண்டு போனேன். ஈட்டி மரத்தில் செய்யச் சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்டார். "பிடிங்க, கையில புடிக்கறதுக்கு" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வேலை முடிந்து கைக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து ரிவால்வரின் இரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். இரும்புக்கு வெளியே மரம் நாலா பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. தேய்ப்புப் பெட்டிக்குப் பிடி போட்டுப் பழகிய ஆசாரி, கைக்கு இதமாக இருக்கட்டும் என்று கனமாக வேறு உருட்டி விட்டிருந்தார். மேல் பக்கத்தை மட்டும் நான் உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து உட்கார வைத்துத் திருகாணியை முடுக்கினேன். முன்னால் ரிவால்வர், பின்னால் சுரைக்காய்.

கட்டிங் மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். "சுத்தியும் பெருசா வெட்டியிருக்கீங்களே?" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தையலுக்குக் கால் இஞ்ச் உடாம எப்பிடிங்க வெட்டறது? அதுக்கு மேல சலவையில சுருங்குமில்லீங்களா? அதுக்குக் கொஞ்சம். நீங்க படிச்சவங்க, இது கூடத் தெரியாதுங்களா?"

அங்கிருந்து ஆசாரியிடம் ஓடினேன். கொஞ்சம் இழைத்துக் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினேன். அவர் பட்டறையைக் கழுவிவிட்டு, உளி, இழைப்புளி, ரம்பம் எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

"சாமிகிட்ட வெச்சாச்சுங்க. இனி விஜயதசமிக்குத்தான் எடுப்பேன். நீங்களே கேக்கலாமுங்களா?"

கேட்கக் கூடாதுதான்.

மறுநாள் காலை பஸ்ஸில் மச்சான்கள் இருவரும் வந்து சேர்ந்தார்கள். பெரியவர் ஆறடி உயரம், மாமனாரின் மீசை. சின்னவர் எப்போதும் சிரிப்பதற்கு ஏதாவது கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர். பலகையில் பட்டுத் துணி விரித்து முன்னால் ரிவால்வரை வைத்திருந்தோம். அதன் பின்னால் ஒரு வரிசை: அரிவாள், கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், குறடு, இஞ்ச் டேப், ஸ்டோர் சாவிக்கொத்து. ரிவால்வரையும் சேர்த்து எட்டு. கைப்பிடி தெரியாமல் என் மனைவி செவ்வந்தி மாலையைச் சுற்றி வைத்திருந்தாள். மாலையில் பாதி அதற்கே செலவாகியிருந்தது. சூடம் காட்டினோம். எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள்.

பெரியவர் குனிந்து, "பூவ எடு அம்மிணி. பாக்கலாம்" என்றார்.

"அப்படியே பாருங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது."

அவரே பூவை விலக்கிவிட்டு எடுத்தார். கையில் பிடித்தார். பிடி கைக்குள் அடங்கவில்லை.

"மாப்பிள்ளை, இதென்னுங்க?"

"கைப்பிடிங்க, மச்சான். ஈட்டி மரம்."

"எங்கய்யன்துக்கு இத்தாச்சோடு பெரிய கைப்பிடி இல்லீங்களே."

"துணி தேய்க்கலாமுங்கண்ணா அதுல" என்றார் சின்னவர்.

இங்கிலாந்துக்குக் கடிதம் போட்டதைச் சொல்ல ஆரம்பித்தேன். புல் வெட்டும் மெஷின் வரைக்கும் வந்தபோது மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"அன்னிக்குப் பேசுனது ஞாபகம் இருக்குதுங்களா?" என்றார் பெரியவர்.

"இருக்குதுங்க. துருன்னுதான் பேசுனோம். பாருங்க, ஒரு பொட்டுத் துரு இல்ல."

"துருவா இருந்தாத் தேய்ச்சு எடுத்துப்போடலாமுங்க. இத என்ன பண்றது?"

சொல்லிக்கொண்டே தான் கொண்டு வந்த பையிலிருந்து, மாமனார் ரிவால்வருக்கு வைத்திருந்த தோல் உறையை எடுத்தார். அது அவரிடம்தான் இருந்தது. ஆகவே எடுத்துப் போவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் வெள்ளகோவிலில் பஸ் ஏறியிருக்கிறார். அந்த உறையை என் மனைவி பார்த்ததை நான் பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. விரல் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"லைசென்ஸ் என்ற பேருலீங்க, மச்சான். நீங்க வெளிய கொண்டு போனீங்கன்னா..." என்றேன்.

"தாலுக்கா ஆபீசுல நான் பேசிக்கறனுங்க."

என்னிடம் இருந்த சட்டம் அவ்வளவுதான். தீர்ந்துவிட்டது.

அவர் ரிவால்வரை உறைக்குள் விட்டார். குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கைப்பிடி வாசலில் நின்றுவிட்டது. மேல் மடிப்பை இழுத்துப் பொத்தானில் மாட்டப் பார்த்தார். எட்டவில்லை. முழங்காலில் வைத்து அழுத்தி இழுத்தார். பழைய தோல் முனகியது.

"கிழிச்சுப்போடாதீங்கண்ணா. அதும் ஐயன்துதான்" என்றார் சின்னவர். "மஞ்சப்பையில போட்டுட்டுப் போலாமா? பிடி மட்டும் வெளிய எட்டிப் பாக்கும். பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியா கெடைக்கும்."

பெரியவர் அவரை முறைத்தார். பிறகு ரிவால்வரைத் திருப்பிப் பார்த்தார். திருகாணி கண்ணில் பட்டுவிட்டது.

"ஒரே ஒரு ஆணிதான? கழட்டிப்போட்டு உறையில வெச்சுக்கலாம். ஸ்க்ரூ டிரைவர் எங்கீங்க மாப்பிள்ளை?"

ஒரு சாமான் எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் இடம் சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. "வரிசையில மூணாவதுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் குனிந்து கையை நீட்டினார்.

"அண்ணா" என்றாள் என் மனைவி. "சூடம் காட்டியாச்சு. பூசை வெச்ச சாமானத்த இன்னிக்கு எடுத்து வேலை செய்யலாமுங்களா? ஐயன் இருந்தா உடுவாருங்களா?"

நீட்டிய கை அப்படியே நின்றது. தராசு பிடிக்கிற குடும்பம். ஆயுத பூஜை அன்று தராசை யார் வந்து கேட்டாலும் இறக்கமாட்டார்கள். அவர் நிமிர்ந்தார். சந்தனப் பொட்டோடு ஸ்க்ரூ டிரைவர் இருந்த இடத்திலேயே இருந்தது.

சின்னவருக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது. "அப்ப உங்க கையில இருக்கறதும் பூசை வெச்சதுதானுங்களேண்ணா?"

பெரியவர் தன் கையைப் பார்த்தார். பலகையில் முன்னால் காலியாகக் கிடந்த பட்டுத் துணியைப் பார்த்தார். ரிவால்வரை உறையிலிருந்து உருவி, பழைய இடத்தில் வைத்து, பூவைச் சரி செய்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செரி. நாளைக்கு எடுத்துக்கறேன்."

"நாளைக்கு விஜயதசமிங்கண்ணா" என்றாள் என் மனைவி. "கடையில தராச எடுத்து மொத வியாபாரம் நீங்கதானுங்க பண்ணோணும்? பஸ்ஸுக்கு நேரமாச்சு, எலை போடட்டுங்களா?"

சாப்பிட்டார்கள். பொரியும் பழமும் கட்டிக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போனார்கள். தோல் உறை நாற்காலியில் கிடந்தது. கூப்பிட்டுக் கொடுக்கலாம் என்று நான் எழுந்தேன். மனைவி வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள். உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஆயுதங்களை எடுத்துத் துடைத்து வைத்தோம். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஆசாரியும் இழைப்புளிய எடுத்திருப்பாரு. குடுத்தா உடனே அளவுக்கு இழைச்சுக் குடுத்துருவாரு. உறையும் மூடும்."

"மூட வேண்டாமுங்க" என்றாள். "உறை மூடுச்சுன்னா அடுத்த வருசம் எங்கண்ணன் கொண்டு போயிருவாரு. அது அப்படியே இருக்கட்டும்."

பீரோவில் வைக்கப் போனேன். பழைய இழுப்பறை மூடவில்லை. அவள் வந்து பார்த்துவிட்டு, கீழ்த்தட்டை ரிவால்வருக்கு ஒதுக்கினாள். அங்கே இருந்த என் சட்டைகள் ஏழும் கொடிக்குப் போயின.